டெஸ்ட் வைக்கச் சொன்னவர்

"டெஸ்ட் தேவையில்லைன்னா தேவையில்லைதான் சார். விதி மாறிப்போச்சு."

பிரேக் இன்ஸ்பெக்டர் அனிதா மறுபடியும் சொன்னார்.

வைத்திலிங்கம் நாற்காலியை விட்டு அசையவில்லை. விக்கிரமங்கலத்தில் தன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்பது அவருடைய கருத்து. அரியலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் அதே கருத்தோடுதான் வந்திருந்தார்.

லைசென்ஸ் அவருடையதல்ல. பக்கத்தில் நிற்கும் மனைவி ஜெயலட்சுமியுடையது.

மகள் மணிமொழியின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கனடா போனவர், போன இடத்தில் கார் ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கிவிட்டார். இந்திய லைசென்ஸ் வரட்டும் என்று, ஊர் திரும்பியதிலிருந்து வீட்டுக் காரைத் தொடாமல் இருந்தார். புது விதிப்படி, அந்த லைசென்ஸைக் காட்டினால் இந்த லைசென்ஸ். ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

"அங்க வலப்பக்கமா ஓட்டுவாங்க மேடம். அதே ஞாபகத்துல சுண்ணாம்புக்கல் லாரிக்கு நேரா வுட்டுட்டா? ஒரு எட்டு போடச் சொல்லிப் பாருங்க."

அனிதாவின் பேனா நின்றது. கனடா லைசென்ஸை எடுத்து இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

ஜெயலட்சுமி மேசையை ஒட்டி வந்து நின்றார். கையெழுத்து வரைக்கும் வந்த காரியம்.

"பொண்டாட்டி ஓட்டிட்டா பொறுக்காதே" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி, நன்றாகக் காதில் விழும்படி.

வைத்திலிங்கம் விடவில்லை. "எட்டு போடாத லைசென்ஸ் ஒரு லைசென்ஸா மேடம்?"

"நீங்க போட்டீங்களாக்கும்?" என்றார் ஜெயலட்சுமி.

வரிசை சிரித்தது. வைத்திலிங்கம் துண்டைச் சரிசெய்தார். அவருடைய லைசென்ஸ், அந்தக் காலத்தில், டிரைவிங் ஸ்கூல்காரர் கையோடு வீட்டுக்கே வந்து சேர்ந்தது. டெஸ்ட் மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையே அவர் இந்த வாரம்தான் விசாரித்திருந்தார்.

அனிதா கையெழுத்தைப் போட்டு முடித்தார். "மாத்தியாச்சும்மா. கார்டு வீட்டுக்கு வரும்." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், அவங்க ஓட்டுனா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

வைத்திலிங்கத்தின் குரல் முதல்முறையாக இறங்கியது.

"அவங்கள எல்லாம் இப்ப என்ன சொல்லித் திருப்பி அனுப்புறது மேடம்?"

ஜன்னலைக் காட்டினார்.

மைதானத்து வேலியோரம் ஒரு வேன். விக்கிரமங்கலத்து உறவெல்லாம் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக இறங்கி நின்றது. பெரம்பலூர் சம்பந்தி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ரோஜா மாலையை உதறி நீவிக்கொண்டிருந்தார். வேலியில் கட்டியிருந்த பிளக்ஸில் ஜெயலட்சுமி ஸ்டீயரிங்கைப் பிடித்துச் சிரித்தார். கீழ் மூலையில், சின்ன வட்டத்துக்குள், கைகூப்பியபடி வைத்திலிங்கம்.

ஜெயலட்சுமி ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தார்.

முந்தானையை இழுத்துச் செருகினார்.

"கார் சாவியக் குடுங்க" என்றார்.