ரூபனின் ஜெபம்

ரூபன் பேசுவது பெற்றோர் இருவருக்கு மட்டும்தான் புரியும். பிறந்ததிலிருந்தே கைகால் வளைந்து கிடந்த அவனை, முப்பது வயதைத் தாண்டியும் குளிப்பாட்டி ஊட்டிவிட்டவள் அம்மா தங்கபுஷ்பம். இப்போது புற்றுநோய் அவளையும் படுக்கையில் தள்ளியிருந்தது.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பாஸ்டர், "தம்பியும் அம்மாவுக்காக ஜெபிக்கட்டுமே" என்றார்.

எல்லோரும் கண்களை மூடினார்கள். எச்சில் வழிய, தலை ஆட ஆட ரூபன் ஜெபித்தான். கேட்டுக்கொண்டிருந்த அப்பா ஆசீர் திடுக்கிட்டுக் கண்களைத் திறந்தார்.

"தம்பி என்ன கேட்டாப்ல?" என்றார் பாஸ்டர்.

"அது... அம்மைக்குச் சீக்கிரம் சுகம் தரணும்னு கேக்கான், பாஸ்டர்."

ரூபன் முழங்கையால் சுவரை இடித்தான். பிறகு அதே ஜெபத்தை ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னான். அம்மாவுக்கு முன்பே என்னை எடுத்துக்கொள்ளும், ஆண்டவரே.

"ஏல, வேண்டாம்ல!" அவன் வாயைப் பொத்தப் பாய்ந்தார் ஆசீர்.

பாஸ்டர் ஒன்றும் புரியாமல் விழித்தார். கட்டிலில் கிடந்த தங்கபுஷ்பம் மூடிய கண்களைத் திறக்கவில்லை. கூப்பிய கைகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆமென்" என்றாள்.