நாற்பது பேர் சொன்ன பதில்

“புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்டு இறங்குற அளவுக்கு உங்க சங்கம் இன்னும் தயாரா இல்லைங்க சார்,” என்றார் ஆலோசகர். ஆதரவாளர்களின் நாடி பிடித்துப் பார்த்து வரத்தான் அந்த அம்மாளை அமர்த்தியிருந்தார்கள்.

“யாரையெல்லாம் பாத்தீங்கம்மா?” என்றார் தலைவர்.

“இங்க பயிற்சி முடிச்ச நாப்பது பேரையும். எல்லாருக்கும் உங்க மேல உயிரு. ஆனா கட்டடத்துக்குக் குடுப்பீங்களான்னு கேட்டா, முடியாதுன்னுட்டாங்க.”

“வீட்ல கேட்டுச் சொல்றேன், அடுத்த மாசம் பாக்கலாம்னு யாராவது இழுத்தாங்களா?”

“ஒருத்தர்கூட இல்ல. மூஞ்சியைப் பாத்து ஒரே வார்த்தை.”

“அந்தத் தையல்காரர்?”

“அவர்தான் முதல்ல சொன்னாரு.”

தலைவர் ஆனந்தத்தில் நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மேஜையில் இருந்த செயலாளர் பக்கம் திரும்பினார். “கேட்டியாம்மா? பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான்னு கட்டிலைத் தூக்கிக் குடுத்துட்டு ஒரு வருஷம் தரையில படுத்த மனுஷன்.”

“இதுல சந்தோஷப்பட என்ன சார் இருக்கு?” என்றார் ஆலோசகர்.

தலைவர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். ‘யார் எது கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர்களுக்கு இலவசப் பயிற்சி.’

தினமும் பார்த்த பலகைதான். ஆலோசகருக்கு அப்போதுதான் உறைத்தது. அசடு வழியச் சிரித்துவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“கட்டடம் கிடக்கட்டும். நீங்க ஒரு வருஷம் சம்பளம் இல்லாம எங்களுக்கு வேலை பாத்துக் குடுப்பீங்களா?” என்று கேட்டார் தலைவர்.

வாசற்படியில் நின்ற ஆலோசகருக்கு வீட்டில் குவிந்து கிடக்கும் வேலையெல்லாம் கண்முன் வந்தது.

“சரிங்க சார்,” என்றார்.

செயலாளர் மேஜை இழுப்பறையைத் திறந்து, பயிற்சியில் சேருவதற்கான படிவம் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார்.