அவள் காதில் விழுந்தபடி

“இது சித்தியா, ஜெயில் வார்டனா?” என்று கேட்டபடி வாரப் பத்திரிகையின் ஆசிரியர் கதைத்தாள்களை மேசையில் வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சிரித்துவிட்டாள். மருந்துக்கடையில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

“கதை நல்லா இருக்கும்மா. தாயில்லாப் பொண்ணு தானே ‘நான்’னு சொல்ற மாதிரி எழுதியிருக்கீங்க. மனசைப் பிசையுது. ஆனா அந்தச் சித்தி பேசினாலே ‘தலையை வாரு’, ‘விளக்கை அணை’. வேற பேச்சே கிடையாதா?”

“பேசியிருப்பா சார். பொண்ணு காதுல அதுதானே விழுந்திருக்கு?”

“சரி, செத்துப்போன அம்மாவோட சீப்பைத் தூக்கி எறியறாளே, அதுக்காவது ஒரு காரணம் வேண்டாமா?”

“பல்லு உடைஞ்சிருந்தது. பொண்ணு தலையில கீறிடும்னு பயம். அது யாரோட சீப்புன்னு அப்ப சித்திக்குத் தெரியாது.”

“அடடா, அதை எழுதலாமே!”

“எப்படி சார்? கதை சொல்றது பொண்ணு. அம்மா சீப்பு குப்பைக்குப் போயிடுச்சு. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.”

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப சித்தியே கதை சொல்ற மாதிரி மாத்திடுங்களேன்.”

“முதல்ல அப்படித்தான் எழுதினேன். சித்தி சொக்கத்தங்கமாயிட்டா, பொண்ணு திமிர் பிடிச்சவளாயிட்டா. அவங்கவங்க கதையில அவங்கவங்க நல்லவங்கதானே சார்? கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“சித்தியைக் கொஞ்சம் இளக்கிக் குடுங்கம்மா. அடுத்த இதழ்லயே போட்டுடறேன்.”

“ஒரு வரி மாத்தறதா இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க சார்.”

அவள் தாள்களின் மேல் கையை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் என்ன பாடுபட்டாளோ என்று ஆசிரியருக்குப் பரிதாபமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

“மாத்தலை. அப்படியே போடறேன். ஒண்ணு கேட்டா தப்பா நினைக்காதீங்க. உங்க சித்தி இன்னும் இருக்காங்களா? இதைப் படிச்சா அழுதுட மாட்டாங்களா?”

“எழுதும்போதே அழுது தீர்த்துட்டா சார்” என்றாள் அவள். “அந்தச் சித்தி நான்தான். எங்க பொண்ணு உங்க பத்திரிகையை வாரந்தவறாமப் படிக்கிறா. அவ என்கிட்ட வாய் திறந்து சொல்லாததெல்லாம் எனக்குக் கேட்டுடுச்சுன்னு தெரிஞ்சுக்கட்டும்.”