ஏழாம் கட்டிலில் டியூஷன்

"வெட்கமா இல்ல உனக்கு? படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷன்கிட்டயா ஓசி டியூஷன் எடுத்துக்கறே?"

ஹெட் நர்ஸ் போட்ட சத்தத்தில் வார்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த தள்ளுவண்டி நின்றுவிட்டது.

இந்த வளைகுடா ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த பத்து நாளாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இங்கே புதிதாகச் சேரும் நர்ஸுக்கு வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் அரபிப் பேச்சுப் பரீட்சையில் தேற வேண்டும். அதற்காக இப்படியுமா?

மத்தியான மருந்து கொடுத்து முடித்ததும் சின்ன நர்ஸ் ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அரபியில் ஒரு வாக்கியத்தைப் பாதி விழுங்கி, பாதி கடித்துத் துப்புவாள். கட்டிலில் இருப்பவர் அரபிக்காரர், லாரி டிரைவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அந்த மனிதர் கழுத்து நரம்பு புடைக்க, கோணிய வாயால் அதைத் திருத்துவார். இவள் மறுபடியும் தப்பாகவே சொல்வாள். அவர் வேர்த்து விறுவிறுத்து மறுபடி திருத்துவார்.

இருபது வருஷமாக அரபி பேசும் ஹெட் நர்ஸுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது.

"மேடம், நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்! பேசிப் பழகணும்னா கண்ணாடி முன்னாடி நின்னு பேசு. போன்ல பதிவு பண்ணிக் கேளு. கடைத்தெருவுல போய்ப் பேரம் பேசு. நாங்கல்லாம் அப்படித்தானே கத்துக்கிட்டோம்? நாக்கே எழாத ஆள்தான் உனக்குக் கிடைச்சாரா? எரியற வீட்டுல பிடுங்கினவரைக்கும் லாபமா?"

"இன்னும் ஒரு மாசம் மட்டும்..."

"ஒரு நாள் கிடையாது! நாளையிலேர்ந்து உனக்கு வேற வார்டு."

அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை. விறுவிறுவென்று கட்டிலுக்குப் போனாள். அவரிடம் அரபியில் சொன்னாள்: "மன்னிச்சுக்குங்க ஐயா. இனிமே இந்தப் பொண்ணு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டா. வேற வார்டுக்கு அனுப்பிட்டேன்."

டிரைவரின் முகம் சிவந்தது. இடது கையால் கட்டில் கம்பியை ஓங்கி அறைந்தார்.

"கூடாது!" மூச்சு வாங்கியது. "இவளுக்கு... பரீட்சை. நான்... சொல்லித் தரலேன்னா... தோத்துடுவா!"

ஹெட் நர்ஸுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. சின்ன நர்ஸ் பக்கம் திரும்பித் தமிழில் சீறினாள்.

"பரிதாபத்தைக் காட்டி வேற மயக்கி வெச்சிருக்கியா? என்னிக்குடி உனக்குப் பரீட்சை?"

சின்ன நர்ஸ் டிரைவரைப் பார்த்துச் சிரித்த முகம் மாறாமல், மெதுவாகச் சொன்னாள்:

"போன வருஷமே பாஸ் பண்ணிட்டேன் மேடம், முதல் மார்க்குல. வாதத்துல போன பேச்சை மீட்கப் பயிற்சி கொடுக்க வந்தவரை, 'நான் என்ன குழந்தையா'ங்கிற மாதிரி தம்ளரை விட்டெறிஞ்சு துரத்திட்டாரு இவரு. ரெண்டு மாசம் ஊமையாவே கிடந்தாரு. என் தப்பைத் திருத்தறதுக்குத்தான் வாயே திறந்தாரு. இன்னும் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க மேடம். ஆனா தயவுசெஞ்சு தமிழ்லயே திட்டுங்க."