நடுவருக்கு இல்லாத அதிகாரம்

"பணம் வேண்டாங்கய்யா. என் பிள்ளை மேல தப்பில்லன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உட்கார்ந்த இந்த ஒன்பது வருடங்களில், தொகை போதாது என்று சண்டை போட்டவர்கள் உண்டு, மயங்கி விழுந்தவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இந்த அம்மாள்தான்.

"அம்மா, வேலை செய்யற இடத்துல உங்க மகன் இறந்துட்டாரு. அது போதும், இழப்பீடு உண்டு. தப்பு யாருதுன்னு இந்தச் சட்டம் கேக்கறதே இல்ல. கேக்காததை எழுதினா மேல் கோர்ட்டு என் காதைத் திருகிடும்."

"கம்பெனி மட்டும் எழுதலாமா? தொழிலாளியோட கவனக்குறைவுன்னு கேட்டுலயே ஒட்டி வெச்சிருக்காங்களே!"

"அதைக் கிழிக்கச் சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லம்மா. எவ்வளவு குடுக்கணும், யாருக்குக் குடுக்கணும். என் கை அவ்வளவுதான் நீளும்."

"சாப்பாட்டு நேரம்ங்கய்யா..." என்று குமாஸ்தா இழுத்தார். கம்பெனி வக்கீல் எப்போதோ இடத்தைக் காலி செய்திருந்தார். அம்மாள் அசையவில்லை.

"அந்த ஒரு வரி கிடைச்சா எங்க வீட்ல ஒரு உயிர் பிழைச்சுக்கும்யா. மூணு மாசமா சோறு தண்ணி இல்ல, தூக்கம் இல்ல. நான் சொன்னா மண்டையில ஏறல. உங்களை மாதிரி பெரியவங்க சொன்னாத்தான் ஏறும்."

புருஷனாக இருக்கும் என்று நடுவர் நினைத்துக்கொண்டார். மகனைப் பறிகொடுத்த அப்பன்கள் ஒடிந்துபோவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாதம். ஒரு தடவை சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மனுஷனாகப் பேசினால் என்ன, குடியா முழுகிவிடும்? வழக்குக் கட்டைப் பிரித்து, கம்பெனி கொடுத்த விபத்து அறிக்கையை மேலோட்டமாகப் புரட்டினார். அதில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான்.

"எழுத்துல தர முடியாது. வாயால சொல்றேன், கேட்டுக்குங்க."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கய்யா."

காது மந்தம் போலிருக்கிறது, பாவம். நடுவர் குரலை உயர்த்தினார்.

"உங்க பையன் மேல துளிகூடத் தப்பில்லம்மா! நிக்க வேண்டிய இடத்துலதான் நின்னிருக்காரு. கிரேனை ஓட்டினான் பாருங்க, ஐம்பத்தெட்டாம் நம்பர், அவன்தான் கீழ பாக்காம பாரத்தை இறக்கிட்டான். உங்க பிள்ளையைக் கொன்னதே அவன்தான். போதுமா?"

சொல்லி முடித்ததும் நடுவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இத்தனை வருடம் இதைச் செய்யாமல் விட்டோமே என்றுகூட வருத்தமாக இருந்தது.

அம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"செத்தது என் மூத்தவன்யா. ஐம்பத்தெட்டு... என் சின்னவன். உங்க வாயால சொல்றதைக் கேக்கட்டும்னு அவனைக் கதவுக்கு வெளிய நிக்க வெச்சுட்டு வந்தேன்."

நடுவர் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார். வராந்தாவில் யாரும் இல்லை.