குறுக்கே வந்தவள்

கேலக்ஸிக் கூட்டங்களுக்குள் பல கோடி டிகிரியில் கொதிக்கும் வாயுவை எக்ஸ்ரே படங்களில் ஆராய்வது ஜுனைதாவின் வேலை. படத்தில் பளிச்சென்ற புள்ளிகளை அழித்தால்தான் மங்கலான வாயு தெரியும். கண்ணிலும் காதிலும் மாட்டியிருக்கும் தன் பேசும் ஸ்மார்ட் கண்ணாடியை அதற்குத்தான் பழக்கியிருந்தாள்.

"குறுக்க வர்ற எதுவும் என் கண்ணுல, காதுல படக் கூடாது" என்று எரிச்சலில் ஒருநாள் அதனிடம் சொன்னாள். தூங்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவாள்.

கீழ்வீட்டில் இருக்கும் தங்கை நபீலா மேலே வந்து பல மாதமாகிறது. அவளே முதலில் வரட்டுமே என்று ஜுனைதாவும் வீம்பாக இருந்தாள். மாலையானால் மேசையில் இஞ்சி டீ மட்டும் இருக்கும். சமையல் இயந்திரத்துக்காவது தன் மேல் அக்கறை இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

இன்று காலை அந்த இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் மாலையில் மேசையில் இருந்த டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யார் வச்சது?"

"குறுக்கே வந்தவர். உங்கள் கண்ணிலும் காதிலும் படாமல் அழித்துவிட்டேன்" என்றது கண்ணாடி.

"நபீலாவா? என்ன சொன்னா?"

கண்ணாடி பதிந்து வைத்திருந்த நபீலாவின் குரல் கேட்டது. "லாத்தா, எத்தனை நாளுதான் செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி பேசுறது? போனும் எடுக்க மாட்டேங்குற. வீட்டைக் காலி பண்ணியாச்சு. வண்டி நிக்குது, நான் வர்றேன்."

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கீழே ஓடினாள். கதவில் பூட்டு தொங்கியது. போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, நபீலா எடுக்கவில்லை.

மேலே வந்து எதிர் நாற்காலியின் மெத்தையில் கைவைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

அவள் ஆராயும் வாயு ஆறுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகும். மெத்தை ஆறும்வரை அவள் கையை எடுக்கவில்லை.