மாப்பிள்ளை கைவைத்த வண்டி

"ஸ்பானர் பிடிச்சவனெல்லாம் மெக்கானிக்குன்னா, கத்திரிக்கோல் பிடிச்சவனெல்லாம் சர்ஜனா மாப்பிள்ளை?"

மாடி பால்கனியில் நின்றபடி நீதிபதி கேட்டார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை.

கீழே சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு முடிஞ்சிரும் மாமா" என்றது காருக்கு அடியிலிருந்த குரல்.

"போன வாரமும் இதே பல்லவிதான். வாய்தா வாங்குறதுல வக்கீலுங்க உங்ககிட்ட பிச்சை வாங்கணும்."

வேலையில் இருந்த காலமெல்லாம் பின் சீட்டிலேயே உட்கார்ந்து போனவர் நீதிபதி. ஸ்டியரிங்கை ஒருநாளாவது தன் கையில் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஓய்வு பெற்ற கையோடு அந்த இரண்டு சீட்டு வண்டியை வாங்கிவிட்டார். தினமும் காலையில் அதில் ஒரு சுற்று சுற்றி வந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும்.

போன மாதம் லேசாக மயக்கம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். வீட்டுக்கு வந்து சாவியை எடுத்தால், வண்டி கிளம்பவில்லை.

"ஸ்போர்ட்ஸ் காருக்குன்னே மெக்கானிக் இருக்கான். கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

"எதுக்கு மாமா வீண் செலவு? வீடியோ பார்த்து நானே சரி பண்ணிடுறேன்" என்றார் மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுப்பவர்.

முதலில் பேட்டரி என்றார். பிறகு ஒயர் என்றார். அதன்பிறகு பம்ப். கையெல்லாம் கரியாக, முகமெல்லாம் அசட்டுச் சிரிப்பாக, லீவு நாளெல்லாம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். வண்டி அசையவில்லை.

பார்க்க வந்த நண்பர்களிடம் நீதிபதி அறிமுகம் செய்து வைத்தார்.

"இவர்தான் எங்க வீட்டு விஞ்ஞானி. ஓடுற வண்டியை ஓடாம நிறுத்துறதுல டாக்டர் பட்டம் வாங்கினவர்."

நண்பர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நீதிபதியின் மகளுக்குத்தான் முகம் சிவந்தது. "போதும்பா!"

"உனக்கு வர்ற ரோஷத்துல பாதியாவது அவருக்கு வந்திருந்தா, இந்நேரம் வண்டி ஓடியிருக்கும்மா. கஞ்சத்தனமும் சோம்பேறித்தனமும் ஒரே சட்டைக்குள்ள இருந்தா வேற என்ன நடக்கும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை கண்ணாலேயே அவளை அடக்கினார். 'பேசக்கூட தைரியம் இல்லாத ஜென்மம்' என்று நீதிபதி மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை மாப்பிள்ளை பள்ளிக்கூடம் போனதும், நீதிபதி யாரிடமும் சொல்லாமல் மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தான். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார். பெட்ரோல் பம்ப் ஃப்யூஸை மட்டும் யாரோ கழட்டி எடுத்திருக்காங்க."

"எங்கேயாவது விழுந்திருக்குமோ?"

"தானா விழுற சாமான் இல்ல சார் அது. வேணும்னேதான் எடுத்திருக்காங்க. மத்தபடி ஆயிலு, பிரேக்கு எல்லாம் சுத்தமா வச்சிருக்காங்க. யார் பார்த்துக்கிறாங்களோ, நல்லா வேலை தெரிஞ்சவங்க."

புது ஃப்யூஸைப் பொருத்திவிட்டு அவன் போய்விட்டான்.

நீதிபதிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே! பெற்ற மகளைக் கொடுத்து, வீட்டோடு வைத்துக்கொண்டதற்கு இதுவா கைம்மாறு? ஒரு கிழவனின் ஒரே சந்தோஷம் இவன் கண்ணை உறுத்துகிறதா?

வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். இன்ஜின் சிங்கம் போல உறுமியது. அந்த உறுமலில் வேறு எதுவும் அவர் காதில் விழவில்லை. ஒரு மாத ஏக்கம் தீர ஆக்ஸிலேட்டரை இன்னொரு மிதி மிதித்தார். கியரைப் போடக் கையைக் கொண்டு போனார்.

அதற்குள் கேட் வழியாக ஒரு ஸ்கூட்டர் பாய்ந்து வந்தது. அதை அப்படியே கீழே போட்டுவிட்டு, மாப்பிள்ளை ஓடி வந்தார். வலது பக்க ஜன்னலுக்குள் கையை விட்டு இன்ஜினை அணைத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

நீதிபதிக்கு வழக்கமான மரியாதை பறந்துவிட்டது.

"சாவியைக் கொடுடா! ஃப்யூஸை எடுத்தது நீதானே?"

"ஆமா மாமா. மெக்கானிக் வந்திருக்கான்னு உங்க பொண்ணு போன் பண்ணினதும் ஓடி வந்தேன்."

"எவ்வளவு தைரியம் இருந்தா என் முகத்தைப் பார்த்து ஆமாங்கிற! ஒரு மாசமா வேலை செய்யற மாதிரி நடிச்சு என்னை ஏமாத்தியிருக்கே. ஏன்? நான் நல்லா இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?"

மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. சட்டையெல்லாம் வேர்வை.

"ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னதை உங்ககிட்ட சொல்ல எனக்கு மனசு வரல மாமா. வண்டி ஓடலைன்னா என்னைத்தானே திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்."

"டாக்டர் என்னத்தைச் சொன்னான்? எனக்கு என்ன குறைச்சல்?"

மாப்பிள்ளை சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாமா, உங்க பொண்ணு இப்ப எங்கே இருக்கா?"

"இது என்ன கேள்வி? உள்ளே சமையலறையில இருப்பா."

"அப்பா..."

குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. நீதிபதி திடுக்கிட்டுத் தலையை முழுசாக இடது பக்கம் திருப்பினார்.

வண்டியின் இடது முன்விளக்கை ஒட்டி, பானெட் மேல் இரண்டு கைகளையும் ஊன்றியபடி மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்க வண்டியை ஸ்டார்ட் பண்ணினதுலேருந்து இங்கேதான்பா, உங்க கண்ணு முன்னாடியே நின்னு கத்திக்கிட்டிருக்கேன்."